திரும்பிக் கிடந்த ஸ்பிரிங் பெட்டி

"அவனுக்க கைய ஒடிக்கணும் அக்கா. ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க."

ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு கிரேசியின் வீட்டுக்குள் சகாயசெல்வி நுழைந்ததே இந்தப் பேச்சோடுதான். கடற்கரைக் கோயில் பாடகர் குழுவில் அவள்தான் கிதார். நேற்றுக் கொடியேற்றத்தில் அவள் ஆம்ப்ளிஃபயர் வண்டாய் இரைய, சனம் சிரித்துவிட்டது. இன்றும் இரைந்தால் குழுவின் இன்னொரு கிதார்க்காரன் வினோஜ் வாசிக்கட்டும் என்றுவிட்டார் பங்குச்சாமியார்.

"மைக்செட்டு ரத்தினமாத்தான் இருக்கும். சுசீந்திரத்துக்காரரு. கரண்டு சரியில்லன்னு நான் ஏசினேன், அந்தக் கோவம்," என்றாள் செல்வி.

"வாங்க மைனி, போய்ப் பிடிப்போம்," என்று கிரேசியின் நாத்தனார் அபினா செருப்பை மாட்டிவிட்டாள்.

கோயில் வாசலில் ரத்தினத்தின் ஸ்பீக்கர் பெட்டிகள் துருவேறிய திருகுகளோடு நின்றன. பாடகர் அறையில் கிரேசி ஆம்பைப் போட்டாள். இரைந்தது. எதிரொலி கூட்டும் ரிவெர்ப் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினாள். அடங்கிவிட்டது.

"இத நேத்தே செய்யப்புடாதா ஏட்டி?" என்றாள் அபினா.

"எதிரொலி இல்லேன்னா எனக்க கிதாரு தகரத்துல தட்டுன மாதிரி இருக்கும்."

"அப்ப கோளாறு எதிரொலி வாற வழியிலதான்." கிரேசி ஆம்பின் அடியில், எதிரொலியை உண்டாக்கும் ஸ்பிரிங் பெட்டியைத் திருகு நீக்கிக் கழற்றினாள். வயர்கள் இறுக்கமாகவே இருந்தன. திருகுகளிலிருந்து விரலில் பிசுக்கு ஒட்டியது, துடைத்துக்கொண்டாள். பெட்டியை முனை மாற்றி வைத்துவிட்டுக் குமிழை ஏற்றினாள். இரைச்சல் இல்லை.

"இந்த முனைதான் இதுக்குக் காது. அதக் கொண்டு ஆம்புக்க டிரான்ஸ்பார்மர் பக்கத்துல வச்சிருக்கு. அதுக்க இரைச்சலையும் சேத்துல்லா கேக்கும். நீ கழத்தினியா?"

"கடையில மாட்டுனதுதான். நான் தொட்டதே இல்ல."

அறைச்சாவி ரத்தினத்திடமும் வினோஜிடமும் உண்டு. இருவரையும் வரவழைத்தாள். வினோஜ் படகு எஞ்சின் வேலையைப் பாதியில் விட்டு வந்தான்.

"ரத்தினம், திருகுக்குக் கிரீஸ் வைப்பீரா?"

"மைக்செட்டுக்கு எதுக்கும்மா கிரீஸ்?" ரத்தினம் சிரித்தார்.

"உமக்க பெட்டியப் பாத்தாலே தெரியுது. உப்புக்காத்துக்குப் பயந்து கிரீஸ் தடவுறது படகு எஞ்சின் பாக்குற கைதான்." அவள் ஸ்பிரிங் பெட்டியின் திருகை வினோஜிடம் நீட்டினாள். "களவா வந்த எடத்துலயும் கைப்பழக்கம் போகல்ல, பாத்தியா மக்கா?"

வினோஜ் மறுக்கவில்லை. "போன வருசம் பாட்டு நடுவுல இவ எனக்க கிதாரு வயர உருவுனா. சுதி சேரலியாம். எங்கம்மை முன்னால. அன்னைக்கு அவ சிரிச்சா. நேத்து நான் சிரிச்சேன்."

உருவியது உண்மைதான். செல்விக்கு அதில் இன்றைக்கும் வருத்தமில்லை. அவள் குனிந்து பெட்டியை மறுபடி தப்பாகவே திருப்பி வைத்தாள். ஆம்ப் இரையத் தொடங்கியது.

"என்னட்டி செய்யுத?" என்று அபினா பதறினாள்.

"இப்படியே கிடக்கட்டும். சாயங்காலம் சனம் நெறஞ்ச பெறவு, இவனே தான் செஞ்சத மைக்குல சொல்லிட்டு வந்து திருப்பட்டும். இவனுக்க அம்மை முன்வரிசையிலதான் இருப்பா."

"சாமியாருட்டச் சொன்னாப் போராதா மக்கா?" என்றாள் கிரேசி.

"சாமியாரு மன்னிச்சிருவாரு அக்கா."