முடிவு இல்லாத படம்

"செத்தாலும் கேக்கக்கூடாதா?"

"செத்தப்புறம் எதுக்குட்டி கேக்கணும்?"

கல்யாணமான மூன்றாவது மாதம், காற்றை வடிகட்டும் காற்றுவடியைக் கழுவிச் சமையலறைச் சுவரில் மாட்டிக்கொண்டே சிவசைலம் மனைவி கோதைநாயகிக்குச் சொன்ன பதில் அது. செவ்வாய்க் கிரகத்தின் செங்குடியில் எந்த வீட்டிலும் காலையில் முதல் வேலை அதுதான். பல் துலக்குவதற்கு முன் காற்றைத் துலக்கியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டு வடி கிழிந்துபோய், எதிர்வீட்டில் ஒன்று கேட்டு வாங்கியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் குடியிருப்பின் பொங்கல் விருந்தில் எழுந்து நின்று, "புதுமாப்பிள்ளை இப்ப விடறது என் மூச்சு" என்றார். பந்தியே சிரித்தது. கோதைநாயகியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். சிவசைலம் இலையை மூடிவிட்டு எழுந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று ஆயிற்று.

அந்தப் பேச்சு ஏழு வருடம் கழித்து, இந்தப் பதினோரு நாளாகக் கோதையின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பனிக்கட்டி வெட்டி வரப்போன சிவசைலத்தின் வண்டி, தென்பள்ளத்தில் மண் சரிந்து பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. ஓட்டுநர் அறை மட்டும் நசுங்காமல் மிஞ்சியது. அறையின் காற்றுப் பம்பு அடிக்கடி நின்றுபோனது. ஸ்பானரால் அதன் தலையில் மூன்று தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். டக், டக், டக். அப்படித் தட்டித் தட்டி அவன் உயிரோடு இருந்தான். ஆறு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மீட்பு ஓடம் செங்குடியில் தயாராக நின்றது.

ஆனால் ஓடம் கிளம்புவதற்கு ஒரு சட்டம் இருந்தது. இயந்திரங்கள் யார் குரலில் வேண்டுமானாலும் அழத் தெரிந்துகொண்ட காலத்தில், பொய் அலறல்களை நம்பி ஓடங்கள் வீணாகப் பறந்து, நிஜமாக அலறிய இருவரைச் சாகவிட்டிருந்தன. அதன்பிறகு வந்தது தன்குரல் சட்டம். ஆபத்தில் இருப்பவர் நேரலையில், தன் சொந்தக் குரலில், 'வந்து கூட்டிப்போங்கள்' என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் பத்தாயிரம் பேர் அவர் ஆபத்தில் இருப்பதாகச் சாட்சி சொல்ல வேண்டும்.

"அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா. ஒரே நிமிஷத்துல ஓடம் கிளம்பிடும்," என்றார் மீட்பகத்து அதிகாரி. நல்ல மனிதர். தண்ணீர்கூடக் கொடுத்தார்.

துணைக்கோள் தலைக்கு மேலே வரும்போது, நாளுக்கு இரண்டு முறை, நான்கு நிமிடம் சிவசைலத்தோடு பேச முடிந்தது. அவன் தினமும் பேசியது ஒரே பேச்சு. "சாப்ட்டியா? நான் நல்லாத்தான் இருக்கேன். பம்பைச் சரி பண்ணிட்டா வந்துருவேன்." கோதையின் நாக்கு நுனியில் 'உதவி கேளுங்க' என்ற சொல் நின்றது. அதை அவள் ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். நேராகக் கேட்டுவிட்டால் அவன் முடியாது என்று சொல்லிவிடுவான். சொன்னால் மாறமாட்டான். அந்த ஒரு பயம்தான்.

அதனால் அவள் பத்தாயிரம் சாட்சிகளைத் தேடினாள். அவன் அனுப்பிய பதிவுகளில் நான்கை ஒட்டி ஊர்ப்பொதுத் திரையில் ஏற்றினாள். இசை இல்லாத எதையும் செங்குடியில் யாரும் மூன்று விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை. ஆகவே தங்கள் கல்யாண வீடியோவிலிருந்து நாதஸ்வரத் துணுக்கு ஒன்றை எடுத்து, மெதுவாக்கி, அடியில் ஓடவிட்டாள்.

அவள் செய்த தப்பு அதுதான். பின்னணி இசையைக் கேட்டதும் திரையின் வகைப்பிரிப்பான் யோசிக்கவே இல்லை. 'குறும்படம். உயிர்பிழைப்புத் திகில். குறைந்த செலவு.' சாட்சிப் பொத்தான் மறைந்து, அந்த இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து உட்கார்ந்தன. இசையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றியும் அதே வகைதான் விழுந்தது.

இரண்டு நாளில் முப்பத்தோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கருத்துகள் காதுமடலில் பதித்த செவிமணி வழியே, சொன்னவர்கள் குரலிலேயே விழுந்தன.

"ஒரே ரூம், ஒரே ஆள். பட்ஜெட் இடிக்குதுன்னு நல்லாத் தெரியுது. ஆனா முயற்சிக்குப் பாராட்டு."

"காத்து தீர்ந்துட்டு இருக்கு, இவரு பொண்டாட்டிகிட்ட சாப்ட்டியான்னு கேக்காரு. லாஜிக் வேண்டாமா?"

"உதடு நீலமாகிற மேக்கப் அருமை. கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் அதிகம்."

"அந்த மூணு தட்டு இருக்கே, ராத்திரி தூங்கவிடல. அஞ்சு ஸ்டார்."

இது படம் இல்லை, நிஜம் என்று கோதை ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். 'அட்டகாசமான விளம்பர உத்தி' என்று அந்தப் பதில்களுக்கும் நட்சத்திரம் கிடைத்தது.

அந்த மூன்று தட்டு ஊரெங்கும் பரவியது. நடைகூடத்தில் போகிறவர்கள் குழாய்களில் தட்டினார்கள். உணவுக்கூடத்தில் ஒருவர் கரண்டியால் தட்ட, மேசை முழுக்கச் சேர்ந்து தட்டியது. கோதைக்கு அது எல்லாச் சுவருக்கும் பின்னாலிருந்து வந்தது. குளிக்கும்போது தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து வந்தது. அவன் ஊர் முழுக்கப் புதைந்து கிடப்பதுபோல இருந்தது.

பதினோராம் நாள் காலை, வாசல் கதவில் அது கேட்டது. டக், டக், டக். கையிலிருந்த காற்றுவடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா இடியாப்பத்தோடு நின்றாள். "பயந்துட்டியா? இப்ப எல்லாரும் இப்படித்தானே தட்டுதாங்க. படம் பாத்தேன்டி. உங்க வீட்டுக்காரர் இவ்வளவு நல்லா நடிப்பாருன்னு தெரியாமப் போச்சே."

"அவர் நடிக்கல அக்கா."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். நடிக்கிற மாதிரியே இல்ல." அக்கா பாத்திரத்தை அவள் கையில் வைத்தாள். "ஊருக்கு வந்ததும் சொல்லு, ஒரு போட்டோ எடுக்கணும்."

நண்பகலில் துணைக்கோள் வந்தது. திரையில் சிவசைலத்தின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஸ்பானர் பிடித்த கை தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. காற்றுமானி ஒன்பது மணி நேரம் காட்டியது. அடுத்த அழைப்புக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. இருவருக்கும் கணக்கு தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

"சாப்ட்டியா?"

"இடியாப்பம். எஸ்தர் அக்கா கொடுத்தாங்க." கோதை மேசைக்கு அடியில் மீட்பகத்தின் இணைப்பைத் திறந்து வைத்தாள். அவன் வார்த்தை விழுந்தால் போதும். "என்னங்க, உங்க பதிவையெல்லாம் ஊர்த்திரையில போட்டேன். படம்னு நினைச்சுட்டாங்க."

"படமா?" அவன் சிரித்ததில் இருமல் வந்தது. "நான் ஹீரோவா? என்ன சொல்லுதாங்க?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரே ரூம் என்றபோது தாழ்ந்த கூரையைப் பார்த்துச் சிரித்தான். மேக்கப் அதிகம் என்றதற்குக் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று.

"இன்னொண்ணு இருக்கு. ரொம்பப் பேர் சொன்னது." அவள் குரல் தடுமாறியது. "'இத்தனை நாள் உள்ளே கிடக்கிற ஆள் ஒரு தடவைகூட என்னைக் காப்பாத்துங்கன்னு கேக்கல. இப்படி ஒரு மனுஷன் இருக்கவே முடியாது. பாத்திரத்துல உயிரே இல்ல. ரெண்டு ஸ்டார்.'"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"யார்லே அவன்?"

"அவன் ஒருத்தன் இல்லங்க. எட்டாயிரம் பேர்."

"இருக்கவே முடியாதாமா? நான் இருக்கேனே."

"நாளைக்கு இருப்பீங்களா?"

பம்பு திக்கியது. பழக்கத்தில் மூன்று தட்டுத் தட்டினான். ஏழு வருடத்தில் பொங்கல் பந்தியின் அந்தச் சிரிப்பை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவன் கண்ணில் இருந்ததும் அதே காயம்தான். மண் சரிந்தபோது வரவில்லை. மூச்சு குறைந்தபோது வரவில்லை. இரண்டு நட்சத்திரத்துக்கு வந்திருந்தது.

"முடிவைப் பத்தி என்ன சொல்லுதாங்க?" என்றான் மெதுவாக.

"முடிவே இல்லையேன்னு கேக்காங்க."

நாற்பது விநாடி மிச்சம். சிவசைலம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் தொட்டுத் தலையை ஒதுக்கினான். சட்டைக் காலரைச் சரி செய்தான்.

"வெளிச்சம் எந்தப் பக்கம் நல்லா விழுது?"

"இடது பக்கம்," என்றாள் கோதை, கண்ணைத் துடைக்காமல்.

முகத்தை இடது பக்கம் திருப்பினான். பதினோரு நாளில் அவன் நடித்தது அது ஒன்றுதான். பின்னால் பம்பு நின்றுபோயிருந்தது. அதைத் தட்டக் கை போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரியாத முப்பத்தோராயிரம் பேரைப் பார்த்துச் சிவசைலம் சொன்னான்:

"ஐயா, அம்மா, எனக்கு மூச்சு முட்டுது. யாராவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."