தடுக்க முடியாத விளம்பரம்

கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் பார்க்க வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வாரம் யாரும் போகவில்லை.

பெய்-யுன் கணினித் திரையில் வாசகர் எண்ணிக்கையை மறுபடி பார்த்தாள். தைவானின் கீலுங் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்குக் கடல் ஏற்ற இறக்க நேரம் சொல்ல அவள் தனி ஆளாக நடத்தும் இலவச இணையதளம். இன்று புயல் விடுமுறை. ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருக்க, காயாத துணியின் வாடை அறையை நிரப்ப, பிற்பகலே இருட்டிக் கிடந்தது.

புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். விளம்பரம். வாசகர்கள் ஆளாளுக்கு விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொண்டதில் பழைய விளம்பரங்களின் வருமானம் படுத்துவிட்டது. தளத்தை மூடுவதா என்று அவள் தவித்தபோது ஒரு நிறுவனம் வந்தது. "எங்களுடையதை எந்தத் தடுப்பானும் தடுக்காது" என்றது. சரி என்றாள்.

அதை அவள் இன்னும் பார்க்கவில்லை. சொந்தத் தளத்து விளம்பரத்தில் தவறிக் கை பட்டாலே கள்ளக்கணக்கு என்று ஒப்பந்தத்தை முறித்துவிடுவார்கள். அதனால் தளம் நடத்துகிற எல்லோரையும் போல அவளும் தன் கணினியில் அந்த இடம் மட்டும் தெரியாதபடி மறைப்பு போட்டு வைத்திருந்தாள்.

போன் அடித்தது. படகுக்காரர் சுங்-யுவான்.

"ஏம்மா, நடிக்க ஆள் கிடைக்கலையா? நீயே விளம்பரத்துல உக்காந்துட்ட!"

"என்ன மாமா உளர்றீங்க?"

"முதுகுதான் தெரியுது. பச்சைச் சட்டை. துணி காயப்போட்டிருக்க."

அவள் குனிந்து பார்த்தாள். பச்சைச் சட்டை.

யாரோ கேமரா வைத்திருக்கிறார்களா? மேசையடி, விளக்கு, அலமாரி எல்லாம் துழாவினாள். ஒன்றுமில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"அதுல என்ன விக்கிறாங்க மாமா?"

"ஒண்ணும் எழுதலம்மா. மூலையில மூடுறதுக்குப் பெருக்கல் குறி இருக்கு. அதை அமுக்கினா மூடமாட்டேங்குது. கொஞ்சம் கிட்ட வருது. முதல்ல ரூம் முழுக்கத் தெரிஞ்சுது. இப்ப தோள்தான்."

"அமுக்காதீங்க!"

"நான் எங்க அமுக்கினேன்? பசங்க வேலைவெட்டி இல்லாம அமுக்கிட்டே கெடக்கானுங்க. எவன் முதல்ல மூடுறான்னு பந்தயம் வேற!"

பின்னால் சிரிப்புச் சத்தம். இணைப்பு அறுந்தது.

தளத்தையே அழித்தாள். பத்து வருட உழைப்பு. பக்கம் வெள்ளையானது.

வாசகர் எண்ணிக்கை ஏறியது. இன்னும் ஏறியது.

பிடரியில் மெல்லிய குளிர். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் இது. ஆவிகள் உலவும் மாதம். முதுகுக்குப் பின்னால் என்ன கேட்டாலும் திரும்பக் கூடாது. திரும்பவில்லை.

விளம்பரத்தின் மேல் போட்டிருந்த மறைப்பை நீக்கினாள்.

வெள்ளைப் பக்கத்தின் நடுவே அது மட்டும் இருந்தது. கறுப்பாக. முடி. அவளுடைய முடி. இழை இழையாக.

யாரோ அமுக்கினார்கள். இன்னும் கிட்டே.

மறுபடி.

படத்தின் ஓரத்திலிருந்து வெளுத்த, நீளமான விரல்கள் நுழைந்து, அந்த முடியைப் பொறுமையாக ஒதுக்கி, காதைத் தேடின.

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகை மேல்தான் இருந்தன.