அறுபத்தொன்றாம் பக்கம்

பாடநூல் ஏற்புக் குழுவில் மொத்தம் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் இறந்தவர்கள். அதனால் கூட்டம் எப்போதும் சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கிவிடும். உயிரோடு இருக்கும் இரண்டு பேர்தான் தாமதமாக வருவார்கள்.

செவ்வாய்க் கிரகத்தின் தென்செவ்வாய் மாநிலத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர் இறந்துபோனால், அவர் பேசிய கூட்டங்கள், எழுதிய குறிப்புகள், நகர்த்திய கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உருவத்தை நெய்துவிடுவார்கள். அதற்கு நிழலுறுப்பினர் என்று பெயர். அதே முகம், அதே செருமல், அதே அனுபவம். நிழலுக்கு வயிறு கிடையாது. பதிப்பகத்தார் யாரும் பின்வாசல் வழியாகப் போய் அதைப் பார்க்க முடியாது. இமைக்கும் நேரத்தில் ஒரு முழுப் புத்தகத்தைப் படிக்கவும் முடியும். பிள்ளைகளின் பாடத்தை இவர்களைவிட ஒழுங்காக யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி, சட்டமன்றத்தில் மேசையைத் தட்டி நிறைவேற்றிய ஏற்பாடு இது.

தமயந்தி டீச்சர் அன்று ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பதினோரு ஆண்டுகளாக ஆசிரியர் பிரதிநிதியாகக் குழுவில் இருக்கிறாள். இப்படி முன்கூட்டி வந்தது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு பக்கத்துக்காக வந்திருந்தாள்.

நான்காம் வகுப்பு அறிவியல், அறுபத்தொன்றாம் பக்கம். 'சங்கு ஊதினால் என்ன செய்வோம்?' என்பது பாடம். மக்கள் வாழும் குவிமாடத்தில் காற்று கசிந்தால் சங்கு ஊதும். ஊதினால் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும் என்கிறது புத்தகம். பழைய குவிமாடங்களில் அது சரிதான், காப்பறை கீழேதான் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் கட்டிய புதிய குவிமாடங்களில் காப்பறையை மேலே கொண்டுபோய்விட்டார்கள். கசிவு வந்தால் கனமான கெட்ட காற்று முதலில் நிரம்புவது கீழ்த்தளத்தில். புத்தகத்தில் அட்டை மாறியது, ஆண்டு மாறியது, அமைச்சரின் வாழ்த்துரை மாறியது. அறுபத்தொன்றாம் பக்கம் மாறவில்லை.

நான்கு மாதத்துக்கு முன், புதியவற்றில் ஒன்றான ஆறாம் குவிமாடத்தில் சங்கு ஊதியது. தமயந்தியின் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். இருபத்தைந்து பேர் பயத்தில் பாடத்தை மறந்து அவள் பின்னால் மேலே ஓடினார்கள். சுடரொளி என்ற பெண் மட்டும் மறக்கவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை. பாடத்தைச் சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனாள்.

அதோடு முடியவில்லை. பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் செவிச்சில்லு இருக்கும். வருகைப் பதிவை வகுப்புப் பொறி அந்தச் சில்லு வழியாகத்தான் எடுக்கும், சில்லு பதில் தராவிட்டால் சேமித்து வைத்த குரலைப் போட்டுச் சமாளிக்கும். பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டுமென்றால் கல்வியாண்டு முடிய வேண்டும். அது விதி. அதனால் தினமும் காலையில் பதினெட்டாவது பெயரைக் கூப்பிட்டதும் காலியான பெஞ்சிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று சுடரொளி சொல்வாள். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தமயந்தியால் நிறுத்த முடியவில்லை.

கூட்டம் தொடங்கியது. உறுப்பினர் செயலர் சகாயராஜ் பத்தேகாலுக்கு டீ டம்ளரோடு உள்ளே வந்தார். உயிரோடு இருக்கும் இன்னொருவர் அவர்தான்.

"இருபத்தாறு புஸ்தகம். முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வச்சோம். ஆட்சேபம் ஒண்ணும் வரலை. ஏற்றுக்கொள்ளலாம்னு எடுத்துக்கலாமா?"

"யாராவது வந்து பாத்தாங்களா சார்?" என்றாள் தமயந்தி.

"வந்திருக்காங்களே. பார்வையாளர் நோட்டுல ஒருத்தர் எழுதியிருக்கார்." அவர் புரட்டிப் பார்த்தார். "ஃபேன் ஓடலையாம்."

தமயந்தி எழுந்து, பக்கத்தைச் சொல்லி, நடந்ததைச் சொன்னாள்.

தலைவர் ஆளவந்தார் செருமினார். அவர் இறந்து ஒன்பது வருடம். "ரொம்ப வருத்தமான விஷயம்மா. ஆனா இது போன பதிப்புலயும் இருந்ததுதானே? அப்பவே பொன்னுரங்கம் பாத்திருப்பார்."

"நான் படத்தை மட்டுந்தான் பாக்குறது வழக்கம்" என்றது பொன்னுரங்கத்தின் நிழல். "வாசகம் எல்லாம் ஜமீலா மேடம்."

"தலைவர் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறந்தானே நான் போடுவேன்" என்றது ஜமீலா பேகத்தின் நிழல். "அவர் பாக்காமயா போட்டிருப்பார்?"

மற்ற இரண்டு நிழல்களும் தலையாட்டின. அவை எந்தக் கூட்டத்திலும் வேறெதுவும் செய்ததில்லை.

"இப்ப படிங்களேன் சார். ஒரே ஒரு பக்கம்" என்று ஆளவந்தாரைப் பார்த்துக் கெஞ்சினாள் தமயந்தி.

ஆளவந்தார் புத்தகத்தைத் திறந்தார். முதல் தாளிலேயே அவர் முகம் சுருங்கியது. "சகாயராஜ், என் பேருக்கு முன்னாடி முனைவர் விட்டுப்போச்சே. இதை யாரும் பாக்கலையா?"

அதற்கு மட்டும் ஒருமனதாகத் திருத்தம் நிறைவேறியது.

இடைவேளையில் சகாயராஜ் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு நிழலும் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தது என்ற பதிவு அதில் இருந்தது. அட்டை, பெயர்ப் பட்டியல், கையெழுத்துத் தாள். நடுவே எல்லாம் வெறுமை.

"கண்ணிமைக்கிற நேரத்துல படிச்சுடலாமே சார் இவங்களால. ஏன் படிக்கலை?"

"உயிரோட இருக்கும்போது அவங்க என்ன செஞ்சாங்களோ அதைத்தான டீச்சர் நிழல் செய்யும்? நாம அனுபவத்தை எடுத்து வச்சோம். அனுபவம் இதுதான்." அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன பதிப்புல உங்க கையெழுத்தும் இருக்கு."

தமயந்தி பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான், கடைசியில் ஒரு சுழி. அந்த நாள் நினைவுக்கு வந்தது. மகளுக்குக் காது குத்து. மூன்று மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று நின்றபடியே போட்டது.

அவள் திரையை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். பிறகு, "பக்கத்தை மாத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். "ஏழு கையெழுத்து இல்லாம ஒரு புஸ்தகமும் பள்ளிக்கூடம் போகாது. போகாட்டிப் போகட்டும்."

"இன்னும் ஒன்பது நாள்ல புதுக் கல்வியாண்டு தொடங்குது டீச்சர்! என் தலையைத்தான் உருட்டுவாங்க."

"உருட்டட்டும் சார். உங்க தலை இருக்கு. உருட்டலாம்."

சாயங்காலத்துக்குள் சகாயராஜ் ஒரு திருத்தச் சீட்டு அடித்தார். 'கீழே' என்றிருந்த இடத்தில் 'பழைய குவிமாடத்தில் கீழே, புதியதில் மேலே' என்று வந்தது. ஐந்து நிழல்களும் அந்தச் சீட்டில் கையெழுத்திட்டன, படிக்காமல்தான். தமயந்தி மூன்று முறை படித்துவிட்டுப் போட்டாள்.

கிளம்பும்போது சகாயராஜ் சொன்னார். "ஜமீலா மேடத்தோட நிழலுக்கு இந்த வருஷத்தோட பதவிக்காலம் முடியுது. உயிரோட இருக்கறவங்க நிழலை வைக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லை. உங்க நிழலை வச்சுருவோமா? இன்னைக்கு நீங்க நின்ன மாதிரி அது எல்லா வருஷமும் நிக்கும்."

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. தான் இறந்த பிறகும், இந்த மேசையில் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பாள். சுடரொளிக்குத் தன்னால் செய்ய முடிந்தது இதுதான் என்று நினைத்தாள். அலுவலகத்தில் இருந்த தன் பதினோரு வருடப் பதிவையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

கல்வியாண்டு முடிந்தது. பதிவேட்டில் பெயர் நீங்கியது. புது ஆண்டின் முதல் காலையில் பதினெட்டாவது பெயராக வேறொரு பிள்ளை உள்ளேன் என்றது. அந்த வாரம் தமயந்தி நிம்மதியாகத் தூங்கினாள். ஏற்புக் குழுவிடமிருந்து அடுத்த ஆண்டுக்கான புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தபோது அதை அலமாரி மேல் வைத்தாள். படிக்க ஆள் இருக்கிறாள் என்ற தெம்பு.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பத்து இருபதுக்குப் போனாள். ஜமீலா பேகத்தின் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள். அதே கண்ணாடி, அதே புடவை மடிப்பு. தன் பிடரியைத் தானே பார்ப்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"முப்பத்தொரு புஸ்தகம்" என்றார் சகாயராஜ். "ஒன்பதாம் குவிமாடம் திறந்திருக்கோம், அதுக்கான புதுப் பாதுகாப்புப் பாடமும் இதுல இருக்கு. அங்க வழி எல்லாம் வேற மாதிரி. ஏற்றுக்கொள்ளலாமா?"

தமயந்தி பெருமையோடு தன் நிழலைப் பார்த்தாள். பொன்னுரங்கம் போட்டார். ஆளவந்தார் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போட்டார். நிழலின் முறை வந்தது.

"எல்லாரும் பாத்துட்டாங்கல்ல?" என்று கேட்டது நிழல். அவளுடைய குரல், அவளுடைய அவசரம். "அப்ப நானும் போட்டுடறேன். மூணு மணி வண்டியைப் பிடிக்கணும்."

கடைசியில் ஒரு சுழியோடு கையெழுத்து விழுந்தது.

தமயந்தி சகாயராஜின் திரையை எட்டிப் பார்த்தாள். அட்டை. பெயர்ப் பட்டியல். கையெழுத்துத் தாள். நடுவே வெறுமை. பதினோரு வருடத்தில் முந்நூற்றுக்கும் மேல் புத்தகங்களுக்கு அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். படித்தது ஒரே ஒரு பக்கம். நெய்தவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. காலியான பெஞ்சிலிருந்து வந்த குரல் அலுவலகப் பதிவு எதிலும் இல்லை, அது நிழலுக்குள் போகவில்லை.

"நிறுத்துங்க சார்" என்றாள். "இது படிக்கலை. அந்தப் பாடத்தை ஒரு தடவை..."

நிழல் நிதானமாகத் திரும்பி அவளைப் பார்த்தது. அதன் முகத்தில் ஏமாற்று எதுவும் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது.

"அதான் நீங்க பாத்திருப்பீங்களே டீச்சர்?" என்றது.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தமயந்தியின் மடியில் புத்தகக் கட்டு இருந்தது. அதன் நூல் முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.