ஜம்போவின் மூட்டுக் குளிசை

2009 ஓகஸ்ட் 17, திங்கட்கிழமை. காலை 6.40.

எத்தல் கிணற்றடிக்குப் போனபோது ஜம்போ வாழை மரத்தடியில் சரிந்து கிடந்தது. வாயோரத்தில் இரத்தம் கலந்த வாந்தி. கூப்பிட்டபோது வால் மட்டும் ஒருமுறை அசைந்தது.

பதினொரு வயது நாய். நாற்பத்தொரு கிலோ. சுனாமியன்று டச்பார் கடற்கரை வீட்டிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் எத்தல், அவருடைய தம்பி பேர்சி, இந்த ஜம்போ மூவர்தான். எத்தலின் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது.

7.50. மிருக வைத்தியர் உதயரூபன் ஊசி போட்டுவிட்டு எழுந்தார்.

"இரப்பையில இரத்தம் கசியுது. ஏதோ நஞ்சு மாதிரி. சில நாளா உள்ள போயிரிக்கு."

"ஆர் குடுத்த?"

"அத நான் எப்பிடிச் சொல்லுற மிஸ்?"

எத்தல் யோசிக்கவில்லை. ஜம்போவுக்கு உணவும், மூட்டு வலிக்கு மருந்துக் குளிசையும் கொடுப்பவள் சமையல்காரி இராசாத்தி. எத்தல் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தி, வீதியில் போனவர்கள் நின்று பார்க்க, நஞ்சு வைத்தவள் என்று கத்தினார். பேர்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசாத்தி வாகரைப் பக்கக் கதிரவெளிக்காரி. சுனாமியில் வீடு போனது. கட்டிக் கொடுத்த வீடு மறுபடி சண்டையில் போனது. அவள் அழவில்லை. துணிப்பையை எடுத்து வந்து வாசலில் நின்றாள்.

8.30. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மங்கையற்கரசி வந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். முதலில் இராசாத்தியிடம்தான் போனார்.

"ஒரு நாளைக்கு எத்தின குளிசை குடுத்த நீ?"

"ரெண்டு. மிஸ் சென்ன மாதிரி. வாழைப்பழத்துக்குள்ள வச்சி."

"எப்பயிருந்து?"

"போன செவ்வாய்க்கிழம."

"அதுக்கு முதல்?"

"மிஸ்தான் கையால குடுக்கிற. நான் போத்தலத் தொட்டதேயில்ல." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "பதினொண்டரைக்கு வாகரை பஸ். நான் போறன்."

மங்கையற்கரசி உள்ளே போனார். போத்தல் மேசைமேல் இருந்தது. மெல்பனிலிருந்து எத்தலின் மகள் தானியா அனுப்பிய நாய் மூட்டுக் குளிசை. ஈரல் வாசம் சேர்த்தது.

"இத ஆரும் வழியில திறந்தவங்களா எத்தல்?"

"சோதினச் சாவடியில போத்தல்ட சீல உடைச்சிப் பாத்தவங்க. அது ஜூன் மாசம். மறுகா ஒரு மாசம் திண்டுபோட்டு ஜம்போ நல்லாத்தானே நடந்த! கேற் வாசல் வரைக்கும் ஓடின."

"குளிசை குறைஞ்சதா?"

"இல்ல. ஞாயிறு ஞாயிறு எண்ணுறன். குறையவுமில்ல, கூடவுமில்ல."

"நீ குடுத்ததை ஏன் இராசாத்திட்ட விட்ட?"

"போன திங்கக்கிழம அது கையில வாங்கித் துப்பிட்டு. மூண்டு தரம். மறுகாதான் பழத்துக்குள்ள வைக்கச் சென்ன." எத்தல் கண்ணைத் துடைத்தார். "அப்பவே அதுக்குப் புத்தி மாறின. ஒரு கிழமையா பேர்சிட சட்டப்பையையே மோந்துகொண்டு திரிஞ்ச. கடிச்சிருமோ எண்டு பயந்தன்."

மங்கையற்கரசிக்குக் குழப்பம் கூடியது. எண்ணிக்கை சரி. போத்தல் ஒன்று. ஒரு மாதம் நலம் தந்த குளிசை இரண்டாம் மாதத்தில் எப்படி நஞ்சானது?

9.40. பேர்சி முன் விறாந்தையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். சுனாமியில் சுவர் விழுந்து நசுங்கிய முழங்கால்.

"முழங்கால் எப்பிடி பேர்சி?"

"பரவாயில்ல."

"கிளினிக் குளிசை குடிக்கிறீங்களா?"

"ஓம். காலையும் பின்னேரமும்."

"வயிறெரியுது எண்டு என்னட்ட முந்திச் சென்னீங்களே?"

"இப்ப எரிவு இல்ல."

மங்கையற்கரசி எழுந்து போய்ப் போத்தலைத் தட்டில் கவிழ்த்தார். எல்லாம் வெளிர் மஞ்சள், எல்லாம் வட்டம். கண்ணில் புரை விழுந்த எத்தலுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் சிலவற்றின் நடுவே கோடு இருந்தது. பெரும்பாலானவற்றில் இல்லை.

10.45. எத்தலையும் பேர்சியையும் தட்டின் முன்னால் அழைத்தார்.

"கோடு உள்ளது ஜம்போட குளிசை. கோடு இல்லாதத முப்பது வருசம் என்ட கையாலயே எண்ணிக் குடுத்திரிக்கன். மனிசருக்கு மூட்டு வலிக்குக் குடுக்கிற. நாய்க்கு அதுதான் நஞ்சு."

"இராசாத்தி இத எங்க எடுத்த?" என்றார் எத்தல்.

"அவள் எடுக்கல்ல. ஜம்போ துப்பினது எப்ப?"

"திங்கக்கிழம."

"இராசாத்தி போத்தலத் தொட்டது?"

எத்தல் வாயைத் திறந்தார். "செவ்வாய்."

"ஈரல் வாசத்துக்குக் கைய நக்கித் தின்னுற நாய் திங்கக்கிழம துப்பினதெண்டால், குளிசை மாறினது அதுக்கு முதல். உள்ள இருந்த ஈரல் வாசம் எங்க போன? அத ஜம்போதான் ஒரு கிழமையா மோந்து காட்டின. நமக்குத்தான் விளங்கல்ல." அவர் திரும்பினார். "கிளினிக் குளிசைய விடாமக் குடிக்கிற மனிசனுக்கு வயிறெரிவு எப்பிடி நிண்ட, பேர்சி?"

பேர்சியின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. கோடு போட்ட இரண்டு குளிசைகளை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அது ஓடினதப் பாத்தன்," என்றார். "அப்ப என்னால படி ஏற ஏலாது. அது ஓடுது. அதுவும் மூட்டுக்கு, இதுவும் மூட்டுக்குத்தானே. என்ட குளிசைய ஒண்டுக்கு ஒண்டு எண்ணி மாத்தி வச்சன். அதக் கொல்ல நினைப்பனா எத்தல்? தண்ணிக்குள்ள அதத் தூக்கிப் பிடிச்சவன் நான்."

"காலையில டொக்டர் நஞ்சு எண்டு சென்னக்குள்ள விளங்கினதா உனக்கு?"

பேர்சி தலையைக் குனிந்தார். "ஓம்."

"நான் அந்தப் புள்ளய விரட்டக்குள்ள படியிலதானே நிண்ட நீ."



மங்கையற்கரசி குளிசையின் பெயரைச் சொல்ல வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். எது என்று தெரிந்தால் போதும், காப்பாற்றலாம் என்றார் வைத்தியர். எத்தல் அதைக் கேட்க நிற்கவில்லை.

11.20. வாகரை பஸ் நிரம்பியிருந்தது. இராசாத்தி யன்னலோரம். எத்தல் கீழே நின்று மூச்சு வாங்கினார்.

"இறங்கு புள்ள. பிழை என்னில. வீட்ட போவம்."

இராசாத்தி அசையவில்லை.

"வீதியில சனத்துக்கு முன்னால வச்சிச் சென்னீங்க மிஸ். இங்கயும் சனம் இரிக்கு. கேக்கிற மாதிரிச் சொல்லுங்க."

சாரதி இயந்திரத்தை முடுக்கினார். எத்தல் பஸ்ஸின் கம்பியைப் பிடித்து மிதிபலகையில் ஏறி, அத்தனை முகங்களையும் பார்த்து, குரலை உயர்த்தினார்.