ஆறாம் பக்கம்

கம்பத்தில் அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் புதன்கிழமை காலை வணக்கக் கூட்டம் மற்ற நாள்களைவிடப் பத்து நிமிடம் நீளும். அன்றுதான் ‘செய்தியும் சிந்தனையும்’.

ஏழாம் வகுப்பில் ஒருவர் மைக் முன்னால் வந்து, அந்த வாரம் செய்தித்தாளில் படித்த ஒரு செய்தியை ஐந்து வரியில் சுருக்கிச் சொல்ல வேண்டும். பிறகு, அதைப் பற்றித் தான் நினைப்பதை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் ஐந்துதான். ஆறாவது வரி வந்தால் எப்சிபா டீச்சர் செருமுவார்.

ஒருமுறை சுரேஷ்கண்ணன், இடுக்கி மாவட்டப் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விட்ட செய்தியைப் படித்தான். “என் சிந்தனை: மேகம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. இது கம்பத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்” என்று முடித்தான். பள்ளியே சிரித்தது. டீச்சர்கூடத் திரும்பி நின்றுதான் சிரித்தார்.

அனுசுயா படித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவளுக்குக் கணீரென்ற குரல். “தங்கப்பாண்டி மகள்னா சும்மாவா” என்று ஊர் சொல்லும். தங்கப்பாண்டி திராட்சைத் தோட்டக்காரர். தலை நிமிர்ந்து நடப்பவர். அந்தப் பெயரில் அனுசுயாவுக்கும் பெருமை உண்டு. அதில் தவறும் இல்லை.

தவறு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில்.

மறுநாள் அனுசுயாவின் முறை. செய்தித்தாளின் முதல் பக்கத்திலேயே உள்ளூர்ச் செய்தி இருந்தது. கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களோடு வந்த ஜீப், வேகமாக வந்து பாறையில் மோதியது. ஏழு பேருக்குக் காயம். ஓட்டுநர் ராக்கையா மீது வழக்கு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘தொடர்ச்சி 6ஆம் பக்கம்’ என்று இருந்தது.

ஆறாம் பக்கத்தைக் காணவில்லை.

“அம்மா, உள்தாள் எங்க?”

அம்மா முற்றத்தில் பன்னீர் திராட்சையைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல்தான் கொத்துகளை வைப்பார்கள். அன்றைய லாரி கோட்டயம் போகிறது.

“இந்தப் பெட்டியிலதான் விரிச்சேன். மேல ரெண்டு கொத்துத்தான் வச்சிருக்கு. எடுத்துத் தரவா ஆத்தா?”

அனுசுயா பெட்டியைப் பார்த்தாள். இரண்டே கொத்துதான்.

“வேணாம்மா. அஞ்சு வரிதானே. இதுவே போதும்.”

பின்னாளில் எத்தனையோ முறை அந்த இரண்டு கொத்துகளையும் அவள் மனதுக்குள் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மைக் முன்னால் நிமிர்ந்து நின்றாள். ஐந்து வரியும் அளந்து வைத்ததுபோல் வந்தன. பிறகு சிந்தனை.

“ராக்கையா போன்ற ஓட்டுநர்களுக்கு மனித உயிரின் மதிப்புத் தெரியாது. இவர்களின் உரிமத்தைப் பறித்து, ஊரே இவர்களை ஒதுக்கி வைக்க வேண்டும்.”

நல்ல கைத்தட்டல். ஒருவரின் பெயரைச் சபையில் சொல்வது சின்னக் காரியம் இல்லை. அனுசுயாவுக்கு அன்று அது தெரியவில்லை. கைத்தட்டல்தான் காதில் நிறைந்தது.

வரிசையின் கடைசியில், தாமதமாக வந்து நின்ற முனீஸ்வரி மட்டும் கைதட்டவில்லை. அவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்து போனாள். வெகுநேரம் முகம் கழுவினாள்.

முனீஸ்வரி அந்த ஜூன் மாதம்தான் புதிதாகச் சேர்ந்தவள். அனுசுயாவின் பெஞ்சுக்காரி. அன்று வகுப்புக்கு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு பிர்தௌஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னடி, சளியா? கண்ணெல்லாம் சிவந்திருக்கு” என்று அனுசுயா கேட்டாள்.

முனீஸ்வரி பாடநூலைத் திறந்துகொண்டாள். மதியம் முனீஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அவளுக்கு என்னாச்சு?” என்று அனுசுயா பிர்தௌஸிடம் கேட்டாள். ஜன்னத்துல் பிர்தௌஸ் என்பது அவளுடைய முழுப்பெயர். முனீஸ்வரி குடியிருக்கும் தெருதான் அவளுக்கும்.

பிர்தௌஸ் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். “வருகைப் பதிவேட்டுல டீச்சர் அவ பேரை எப்படிக் கூப்பிடுவாக?”

“ரா. முனீஸ்வரி.”

“அந்த ரா. என்னன்னு நீ என்னைக்காச்சும் கேட்டியா? ராக்கையா. அவ அப்பா காலு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. ‘எனக்காகப் பள்ளிக்கூடத்தை விடாத’ன்னு அவருதான் இன்னைக்கு அனுப்பி வச்சாரு.”

அனுசுயா பாதி கடித்த முட்டையைத் தட்டில் வைத்தாள்.

சுரேஷ்கண்ணன் எட்டிப் பார்த்தான். “ஏலே, அப்போ முனீஸ்வரியையும் ஒதுக்கணுமா? மைக்ல சொன்னாகல்ல!”

“வாயை மூடுடா!” என்று கத்தினாள் அனுசுயா. அவன் கேட்டது அவளுடைய வார்த்தையைத்தான். அதுதான் சுட்டது.

மறுநாள் முனீஸ்வரி வரவில்லை. அனுசுயா மாலையில் கிளை நூலகத்துக்கு ஓடினாள். நூலகர் ராஜா முகம்மது பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பவர்.

“செவ்வாய்க்கிழமை பேப்பர் வேணும் சார். ஆறாம் பக்கம்.”

“எல்லாரும் முதல் பக்கம் கேப்பாக. நீ ஆறாம் பக்கம் கேக்குற” என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

தொடர்ச்சி ஒரு மூலையில் இருந்தது. காயமடைந்த மலையம்மாள் என்ற தொழிலாளி சொன்னது இது: “பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் ராக்கையா எங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அதில் விழாமல், தான் உட்கார்ந்திருந்த பக்கம் பாறையில் இடிக்கும்படி வண்டியைத் திருப்பினார். எங்களுக்குச் சிராய்ப்புதான். அவர் கால்தான் ஒடிந்துவிட்டது. அவர் இல்லையென்றால் நாங்கள் யாருமே வீடு வந்திருக்க மாட்டோம்.” பிரேக் குழாய் வெடித்திருந்ததாக ஆய்வில் தெரியவந்தது என்றும் இருந்தது.

மொத்தம் பதினொரு வரி. அனுசுயா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று வீட்டில், “அப்பா, நான் முனீஸ்வரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும்” என்றாள்.

தங்கப்பாண்டி எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேப்பர்ல இருந்ததைத்தான படிச்சே? பொய் சொல்லலையே. நம்ம வீட்டுப் பிள்ளை போய் இன்னொருத்தர் வாசல்ல தலை குனிஞ்சு நிக்கிறதா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது.”

அனுசுயா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“போன வருசம் மார்க்கெட்ல ஒருத்தர், நம்ம பெட்டியில மேல நல்ல பழமும் அடியில அழுகலும் இருக்குன்னு சொன்னாகல்ல? நீங்க ரெண்டு நாள் சாப்பிடலை.”

“அது வேற.”

“மார்க்கெட் நடுவுல பெட்டியைக் கொட்டிக் காட்டுனீக. அதுக்கப்புறந்தான் சாப்பிட்டீக. முனீஸ் அப்பா காலு ஒடிஞ்சு படுத்திருக்காகப்பா. அவுக எங்க போயி எதைக் கொட்டிக் காட்டுவாக?”

தங்கப்பாண்டி எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் அனுசுயா செருப்பை மாட்டியபோது, வாசலில் வண்டி உறுமியது.

“ஏறு. தெரு முனையில விடுறேன்” என்றார் அப்பா. முகத்தைப் பார்க்கவில்லை.

முனீஸ்வரி வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அனுசுயாவைப் பார்த்ததும் வழியை மறித்து நின்றாள்.

“எதுக்கு வந்தே?”

“உங்கப்பாகிட்ட மன்னிப்பு...”

“சத்தம் போடாத!” முனீஸ்வரி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அவருக்கு ஒண்ணும் தெரியாது. தன்னைப் பாத்துக்கிறதுக்காக நான் லீவு போட்டிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. பிர்தௌஸும் தெருவுல யாருகிட்டயும் சொல்லலை. நீ உள்ள போயி சொல்லிட்டு நிம்மதியாப் போயிருவே. அவரு?”

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரு முனீசு?”

“கூடப் படிக்கிற பிள்ளப்பா. அனுசுயா.”

“அட, செய்தி வாசிக்கிற பிள்ளையா? உள்ள கூப்பிடு!”

முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ராக்கையா, கட்டிலில் கால் கட்டோடு சாய்ந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“வாத்தா, உக்காரு. முனீசு சொல்லிக்கிட்டே இருப்பா. அனுசுயா வாசிச்சா ரேடியோ மாதிரி இருக்கும்னு. நமக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர நேரம் ஏது? இந்த வாரம் என்ன செய்தி வாசிச்சே?”

முனீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

“இந்த வாரம்... சரியா வாசிக்கலை மாமா” என்றாள் அனுசுயா. “பாதியில நின்னுபோச்சு.”

“அதுக்கு என்ன? அடுத்த வாரம் முழுசா வாசி. முனீசு, பிள்ளைக்குக் காப்பி குடு.”

அந்தக் காப்பியை அனுசுயா குடித்து முடித்தாள். அவள் வாழ்க்கையில் அத்தனை கசந்த காப்பி அதுதான். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

வாசலில் முனீஸ்வரி சொன்னாள். “நீ என்கிட்ட மட்டும் சொன்னா யாருக்குக் கேக்கும்? அன்னைக்கு மைக்லதான சொன்னே?”

தெரு முனையில் அப்பா வண்டியோடு நின்றிருந்தார். வழியெல்லாம் சாலையையே பார்த்து ஓட்டினார். வீடு வந்து இறங்கியதும், “கோவிச்சுக்கிட்டாரா, காலு எப்படி இருக்கு, எப்ப நடப்பாராம்?” என்று ஒரே மூச்சில் கேட்டார். பிறகு கேட்கவே இல்லை என்பதுபோல் உள்ளே போனார்.

புதன்கிழமை. அன்று சுரேஷ்கண்ணனின் முறை.

“டேய், உன் முறையை எனக்குத் தாடா.”

“மழைச் செய்தி எழுதி வச்சிருக்கேனே” என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, மழை எங்க போயிரப் போவுது? இங்கன வரவே வராது” என்று தாளை மடித்துப் பையில் வைத்தான்.

அனுசுயா எப்சிபா டீச்சரிடம் போனாள். “டீச்சர், இன்னைக்கு எனக்குப் பதினாறு வரி வேணும்.”

டீச்சர் நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“மீதி எங்கேன்னு நானும் உன்னைக் கேக்கலையேம்மா” என்றார். “போ. எத்தனை வரி வேணுமோ வாசி.”

வணக்கப் பாட்டு முடிந்தது. தாமதமாக வந்தவர்களை இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் முனீஸ்வரியும் இருந்தாள். அவளுடைய அப்பா மறுபடியும் விரட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

அனுசுயா பழைய ஐந்து வரியைப் படித்தாள். பிறகு ஆறாம் பக்கத்துப் பதினொரு வரியையும் படித்தாள். மலையம்மாள் சொன்னதை ஒரு சொல் விடாமல் படித்தாள். யாரும் செருமவில்லை. முழங்கும் அந்தக் குரல் அன்று இரண்டு இடத்தில் உடைந்தது.

“என் சிந்தனை: போன புதன்கிழமை நான் பாதிச் செய்தியைப் படித்துவிட்டு, ஒரு நல்ல மனிதரைப் பெயர் சொல்லிப் பழித்தேன். மீதிப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருந்தது; நான் எடுத்துப் பார்க்கவில்லை.”

கைத்தட்டல் இல்லை. அனுசுயா அதை எதிர்பார்க்கவும் இல்லை. வரிசையில் எங்கோ ஒரு சின்னப் பிள்ளை மட்டும், “அப்போ அந்த மாமா ஹீரோவா?” என்று கேட்டது. “ஆமாடா” என்று சுரேஷ்கண்ணன் சத்தமாகவே சொன்னான்.

கேட் திறந்தது. முனீஸ்வரி யாரையும் பார்க்காமல் வகுப்புக்குப் போனாள். பிர்தௌஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் அப்படியே போனது. சொன்ன வார்த்தையைத் திருத்தலாம். ஆனால் அது சொல்லப்படாத நாளாக அந்தப் புதன்கிழமையை மாற்ற முடியவில்லை. அனுசுயா தன் பெஞ்சில் தனியாகவே இருந்தாள். காலியான இடத்தில் பையைக்கூட வைக்கவில்லை.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். பெட்டிக்குத் தாள் விரிக்கும் முன் அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். “ஆறாம் பக்கம் படிச்சாச்சா ஆத்தா?”

“இன்னும் இல்லப்பா.”

“அப்போ லாரி நிக்கட்டும்.”

மூன்றாவது திங்கள்கிழமை, முனீஸ்வரி பழைய பெஞ்சுக்கு வந்தாள். ஓரமாக உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தன் பையைச் சுவர்போல் வைத்தாள்.

“அப்பா நேத்து கம்பை ஊனி வாசல் வரைக்கும் நடந்தாரு” என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடியே. “நீ அந்தச் செய்தியை முழுசா வாசிச்சிட்டியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“‘வாசிச்சிட்டா’ன்னு சொன்னேன்.”

கணக்குப் பாடம் தொடங்கியபோது, முனீஸ்வரி நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.