விலகிச் செல்கிறேன்

தானாக ஓடிப் பெருக்கும் அந்த மிஷின் பின்னறைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் ஒரே இடத்தில் நின்றது. நின்று, ஒரே நீள வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பியது. மற்ற இடங்களில் இரண்டு மூன்று சொல்லோடு முடித்துக்கொள்ளும். அங்கே மட்டும் நிதானமாகப் பேசியது. பேசியது சீன பாஷை என்பதால் ஜோதிமணி ஒரு மாதமாக அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓசூரில் குடியிருப்பவர்களுக்குப் புரியாத பாஷை ஒன்றும் புதிதில்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா வெங்கடம்மா பேசுவது தெலுங்கு. எதிர் வீட்டில் கன்னடம். பக்கத்து லைன் வீட்டுப் பையன்கள் ஒடியா. கர்நாடக எல்லையை ஒட்டிய நாட்றாம்பாளையத்துக்காரி என்பதால் ஜோதிமணிக்குக் கன்னடம் ஓரளவு வரும், தெலுங்குதான் மண்டையில் ஏறவே இல்லை. வந்த மூன்று வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிட வேண்டும். கடையிலும் ஆட்டினாள், ஷேர் ஆட்டோவிலும் ஆட்டினாள், இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று வெங்கடம்மா பின்னறையைக் காட்டி ஐந்து நிமிஷம் என்னவோ சொன்னபோதும் ஆட்டினாள். இந்த வாடகைக்கு இரண்டு அறை வேறெங்கும் கிடைக்காது. யோசித்து நின்றால் அடுத்தவன் சாவியை வாங்கிப் போய்விடுவான்.

வீடு மாறியதே பரிதிக்காகத்தான். எட்டு மாதப் பிள்ளை. நான்காம் மாதம் அவள் மறுபடி வேலைக்குப் போனதிலிருந்து நாட்றாம்பாளையத்தில் அக்கா மாதேஸ்வரியிடம் வளர்கிறான். முதல் சில வாரம் கம்பெனிக் கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு அழுதாள், பிறகு அதுவும் வற்றிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவரப் போகிறார்கள். இப்போது தவழ்கிறானாம், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறானாம். ஜோதிமணிக்கோ அசுத்தம் என்றால் குமட்டிக்கொண்டு வரும். அதனால்தான் அவள் புருஷன் ஆனந்தராஜ், தான் வேலை செய்யும் குடோனில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய சாமான்களை மலிவாகக் கழித்துக் கொடுத்தபோது இந்தப் பெருக்கும் மிஷினை வாங்கி வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து அவள் கதவைத் திறந்தபோது, மிஷின் ஹால் நடுவில் சிவப்பு விளக்கோடு நின்றுகொண்டு புதிதாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆனந்தராஜ் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். தட்டினாள், அணைத்துப் போட்டாள், மறுபடியும் அதே பேச்சு. இன்னும் இரண்டே நாள் இருக்கிறது, இப்போது போய்ப் படுத்துவிட்டதே என்று எரிச்சலாக வந்தது.

போன வாரம்தான் வீட்டுக்கு நெட் கனெக்ஷன் வந்திருந்தது. செல்போனில் அந்த மிஷினுக்கான ஆப்பை இறக்கி இணைத்தாள். செட்டிங்ஸில் குரல் என்ற பகுதிக்குள் பாஷைகளின் பட்டியல் நீளமாக ஓடியது. மேலே சீனத்துக்கு நேராக டிக். இந்தி தாண்டி, எங்கேயோ அடியில் தமிழ். அதைத் தொட்டதும், சார்ஜில் வைத்தால்தான் இறங்கும் என்றது. தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் பொருத்தினாள். பதினான்கு சதவீதம், நாற்பது, தொண்ணூறு. ஒரு சின்ன மணியோசை. பிறகு பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசும் பெண்ணின் குரலில் அது தமிழ் பேசியது.

“மொழி மாற்றப்பட்டது. தூரிகையில் முடி சிக்கியுள்ளது. அகற்றவும்.”

இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மிஷினைக் கவிழ்த்தாள்.

உருளை முழுக்கச் சுற்றியிருந்தது நரைமுடி.

முழங்கை நீள முடி. எண்ணெய்ப் பிசுக்கேறி, ஒன்றோடொன்று ஒட்டி, விரலில் பட்டதும் வழுவழுவென்று ஈரமாக இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு கொத்தின் வேரில் வெள்ளையாகத் தோல் ஒட்டியிருந்தது. நாற்றம் மெல்ல எழுந்தது: சிக்குப் பிடித்த நல்லெண்ணெய், மூத்திரம் காய்ந்த போர்வை, புண்ணுக்குத் தடவும் மஞ்சள் களிம்பு. தூசிப் பெட்டியைத் திறந்தாள், திறந்திருக்கக் கூடாது. மேலே அவல் போலத் தோல் பொருக்கு. அதைக் கிளறினால் நகங்கள். தடித்து, மஞ்சளாகி, வளைந்த கால் நகங்கள். ஒன்றில் ரத்தம் கறுத்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவள் பாத்ரூம் வரைக்கும் போய்ச் சேரவில்லை. இனி ஜென்மத்துக்கும் அவளால் அவல் தின்ன முடியாது.

எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி வெளியே எறிந்தாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள், விரலிடுக்கில் அந்த எண்ணெய் இன்னும் இருந்தது. மிஷினை மறுபடி ஓட விட்டாள். ஹாலைச் சுற்றியது, சமையலறைக்குள் போய் வந்தது, பின்னறைக்குள் நுழைந்தது. ஜன்னலோரம் வழக்கமான இடத்தில் நின்றது.

“முன்னால் ஒருவர் படுத்திருக்கிறார். விலகிச் செல்கிறேன்.”

வாசற்படியில் நின்ற ஜோதிமணி பார்த்தாள். வெறும் தரை. வெள்ளை டைல்ஸ். காலை வெயில் ஜன்னல் கம்பி நிழலோடு அதன்மேல் விழுந்திருந்தது. மிஷின் அந்த வெறும் தரையின் விளிம்பை ஒட்டி மெதுவாக வளைந்து போனது. தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, மடக்கிய முழங்காலைச் சுற்றி.

ஆப்பில், வழியில் கிடப்பதையெல்லாம் குறித்து, வீட்டின் வரைபடம் வந்திருந்தது. செருப்புக்குச் செருப்புப் படம், ஒயருக்கு ஒயர் படம். பின்னறையில், ஜன்னலோரம், ஆள் படம்.

ஆனந்தராஜுக்குப் போன் போட்டாள்.

“மாமா, பின்ரூமுல யாரோ படுத்துக்கினு இருக்காங்கன்னு சொல்லுது மாமா.”

“யாரு சொல்றது?”

“மிஷினு.”

அவன் சிரித்தான். “ஏ ஜோதி, அது திரும்பி வந்த பீசு. கேமராவுல ஏதாச்சும் கோளாறு இருக்கும்.”

“பெட்டிய நீதான தெனம் கொட்டற? அதுல முடி இருந்துச்சா?”

“இருந்துச்சி. உன்துன்னு நெனச்சன்.”

“நரச்ச முடி மாமா.”

“தூசி ஒட்டி வெள்ளையா தெரிஞ்சிருக்கும். நைட்டெல்லாம் முழிச்சிட்டு இத நோண்டிக்கினு இருக்காத. தூங்கு போ.”

தூங்கவில்லை. பினாயிலைத் தண்ணீரில் கலக்காமலே ஊற்றி அந்த இடத்தைத் தேய்த்தாள். துணி வழுக்கவில்லை, ஒட்டி ஒட்டி வந்தது. கன்னத்தைத் தரையோடு வைத்துச் சாய்வாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில், பழைய தலையணை உறையில் இருப்பதுபோல, வட்டமாக எண்ணெய்க் கறை. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். அரைமணி நேரம் தேய்த்துப் போக்கினாள். மாலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் இருந்தன. பின்னறைக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

சனிக்கிழமை முழுக்க மிஷின் அந்தக் கதவில் வந்து முட்டியது. “கதவு மூடியுள்ளது. திறக்கவும்.” அவள் காதில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்காக கேட்டருகே நின்றபோது வெங்கடம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜோதிமணி முதல்முறையாகத் தலையாட்டாமல் கேட்டாள்.

“ஏங்க்கா, பின்னாடி ரூமுல இதுக்கு முன்னாடி யாராச்சும் இருந்தாங்களா?”

“எவரு? மா அத்தம்மாவா? எங்க மாமியாரா?” வெங்கடம்மா குழாயை நிறுத்தவில்லை. தனக்கு வரும் தமிழில் சொன்னாள். “இருந்தாங்கன்னு இல்ல, செத்தும் இருக்குது. அங்கதான் படுத்திருக்குது. நீ வூடு பாக்க வந்த நாளே சொன்னன் கதா.”

“என்கிட்டயா சொன்னீங்க?”

“நின்னு கேட்டியே! பால் குடிக்கற பிள்ளை இருந்தா வூடு இல்ல, அத்தம்மா பிள்ளைய வுடமாட்டாங்கன்னு சொன்னன். நீ சிரிச்சிக்கினு தலைய ஆட்டின. கூட பிள்ளை எதுவும் வரல. சரின்னு சாவி குடுத்தன்.”

பஸ் ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்து ஆனந்தராஜுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே. தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. புரியாததற்கெல்லாம் பல்லைக் காட்டிய வாய். சரி, பிள்ளை நாளைக்குத்தானே வருகிறான், காலையில் போனதும் பேசி வேறு வீடு பார்த்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். குந்தாரப்பள்ளி பக்கம் இருக்கும் கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். விடியும்வரை போர்டுகளில் பாகம் பொருத்திக்கொண்டே இருந்தாள். வுடமாட்டாங்க என்ற சொல் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குப் போன் கைக்கு வந்தது. ஆனந்தராஜிடமிருந்து நான்கு செய்திகள்.

முதலாவது ஒரு போட்டோ. ஹால் தரையில் பரிதி, பக்கத்தில் மிஷின். பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை. பின்னறை வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சர்ப்ரைஸ்! லீவு போட்டுட்டு அக்கா வூட்லருந்து இப்பவே தூக்கினு வந்துட்டன். அஞ்செட்டி மலையில டவர் இல்ல.”

“கதவ தொற தொறன்னு மிஷினு கத்திக்கினே இருந்துச்சி. தொறந்து வுட்டுட்டன்.”

கடைசிச் செய்தி விடிகாலை ஐந்து மணிக்கு வந்திருந்தது. “பாட்டில தொடவே இல்ல ஜோதி. ஆனா வயிறு ரொம்பிதான் இருக்குது. நல்லா தூங்கறான்.”

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பத்து முறை போட்டாள். வழியில் சானமாவு காட்டருகே யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே வீடியோ எடுத்தார்கள். ஜோதிமணி முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் மறுபடி அந்த எண்ணெய் கசிவதுபோல இருந்தது. முகர்ந்து பார்த்தாள். அதே நாற்றம்.

நிறுத்தத்திலிருந்து ஓடினாள். தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

ஹாலில் பாயில் ஆனந்தராஜ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சின்னத் தலையணை. அது காலி. அதன் அருகே பாட்டிலில் பால் நிரம்பியபடியே திரிந்துபோயிருந்தது. வீடு முழுக்க அந்த நாற்றம்.

பின்னறையிலிருந்து மிஷின் ஓடும் சத்தம். தினமும் ஏழு மணிக்குத் தானாகக் கிளம்பும்படி அவள்தான் வைத்திருந்தாள். ஓடியது. நின்றது.

“முன்னால் இருவர் படுத்திருக்கிறார்கள். விலகிச் செல்கிறேன்.”

ஜன்னலோரம். வெயில்.

பரிதி ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலை தரையில் படவில்லை. எதன் மேலோ சாய்ந்து, நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாய் எதையோ கவ்வியிருந்தது. கன்னம் குழிந்து குழிந்து எழுந்தது. விழுங்கினான். மூச்சு விட்டான். மறுபடி விழுங்கினான். ஒரு கை காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கைப்பிடிக்குள் நரைமுடிக் கொத்து. அது விறைப்பாக மேலே நீண்டு, ஒரு முழத்துக்கப்பால் ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது.

அவள் பாய்ந்து அவனை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். காம்பிலிருந்து வாய் விடுபடும் சத்தம் கேட்டது, ஈரமாக. தாய்க்குத் தெரிந்த சத்தம்.

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தான். யாரோ என்பதுபோல. முகம் கோணியது. வீறிட்டு, அவள் மார்பைக் கையால் தள்ளி, தரையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான். நாக்கு இன்னும் சப்பிக்கொண்டிருந்தது. கடைவாயிலிருந்து மஞ்சளாக, நூல் நூலாக, அது அவள் கையில் ஒழுகியது.

வெதுவெதுப்பாக இருந்தது.