பாடப் போகிறவன்

திருப்பத்தூருக்குக் கிளம்பப் போன ஜீப்பில் ஓடிவந்து ஏறினாள் காவியா. ஏறிய வேகத்தில் ஒருவனின் காலை நன்றாக மிதித்துவிட்டாள்.

"யம்மா... அது காலுங்க, படி இல்ல!"

நிமிர்ந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிக்கும் கண்கள். மன்னிப்புக் கேட்க மறந்துபோனாள்.

அவள் சொந்த ஊர் அமிர்தி. மலைமேல் இருக்கும் இந்தப் புதூர்நாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து சில வாரம்தான்.

டிரைவர் பூபாலன் திரும்பினார். "வெற்றிவேலு கால மிதிச்சிட்டியாம்மா? இவன் பாடப் போனா மைதானமே எழுந்து நிக்கும், தெரியுமா?"

"அப்படிங்களா! ஒண்ணு பாடுங்களேன்... மழைக்கு நல்லாருக்கும்."

சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது.

"எனக்கு ஒரே பாட்டுதாங்க தெரியும்," என்றான் அவன். "கபடி... கபடி... கபடி..."

எதிர் அணிக் கோட்டுக்குள் நுழைவதுதான் இங்கே பாடப் போவது! காவியா கைகளுக்குள் முகத்தை ஒளித்தாள். விரலிடுக்கில் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எங்க பாடப் போறீங்களாம்?"

"பார்டருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. போன வருடம் எல்லையில் சண்டை மூண்டதும் பெரிய கபடி அணியை விட்டு ராணுவத்தில் சேர்ந்தவன் அவன் என்றார் பூபாலன். பயிற்சி முடிந்தது. இன்று புறப்பாடு.

"இன்னாத்துக்குங்க ஆட்டத்த வுட்டீங்க?"

"ஆட்டத்துல அவுட்டானா வெளிய உக்காந்து வேடிக்க பாக்கலாம். இந்தச் சண்டைய அப்படிப் பாக்க முடியலீங்க."

வளைவுக்கு வளைவு மழை கூடவே இறங்கி வந்தது. சாலை தீர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

திருப்பத்தூர் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். பையைத் தோளில் மாட்டியவன் மட்டும் நகரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்... வேணாம். திரும்பி வந்தா சொல்றேன்."

"பயமா?"

"ஒரு பொண்ணக் காக்க வெக்க எனக்கு இன்னாங்க ரைட்டு இருக்கு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காத்திருக்கப் போறது நானு. அத முடிவு பண்ண நீங்க யாரு?"

அவன் பையைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை.

"அப்புறம்... அது இன்னா 'வந்தா'? 'வந்து'ன்னு சொல்லுங்க."

பஸ் ஹாரன்கள், மழை, டீக்கடைப் பாட்டு... அவள் காதில் எதுவும் விழவில்லை.

"வந்து..." என்றான் அவன். "வந்து... உங்க வூட்ல பொண்ணு கேக்கறேன்."

"வூட்ல அப்புறம் கேளுங்க. பொண்ணு இப்பவே சரின்னுட்டா!"